சொல் மேல் ஆசை: வாசகர் கேள்வி – பதில்

‘உங்களுக்குப் பிடித்த சொல் எது, ஏன்?’ என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பிடித்த சொல்லை எழுதியவர்களில் பலர் கூடவே ஒரு சந்தேகத்தையும் இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சந்தேகங்களுக்கு மட்டும் இங்கே பதில். அன்பு, அம்மா, தமிழ் ஆகிய மூன்றை எழுதியவர்கள் பொறுத்தருள்க. அவற்றைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்தது ‘சும்மா’. அதற்குப் பதினைந்து பொருள் உண்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறதே, உண்மையா? ‘சும்மாடு’ இதிலிருந்து வந்ததா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பட்டியல் சுவையானது, எண்ணிக்கைதான் ஏமாற்று. ‘சும்மா கொடுத்தார்’ என்றால் காசு வாங்காமல். ‘சும்மா வந்தேன்’ என்றால் வேலை ஒன்றும் இல்லாமல். ‘வீடு சும்மா கிடக்கு’ என்றால் குடியில்லாமல். ‘சும்மா சொன்னேன்’ என்றால் மனதில் ஒன்றும் வைக்காமல். எல்லாவற்றிலும் ‘சும்மா’ செய்கிற வேலை ஒன்றுதான்: அந்த வினையோடு வழக்கமாகச் சேர்ந்து வரவேண்டிய ஏதோ ஒன்று இங்கே இல்லை என்கிறது. எது இல்லை என்பதை வினை சொல்லிவிடும். கொடுத்தலில் விலை இல்லை, வருதலில் வேலை இல்லை. அருணகிரிநாதர் ‘சும்மா இரு சொல்லற’ என்று பாடும்போது இல்லாமல் போகவேண்டியது சொல்.

உண்மையிலேயே தனியாக எண்ண வேண்டியவை மூன்று. இரட்டித்து ‘சும்மா சும்மா கூப்பிடாதே’ என்றால் திரும்பத் திரும்ப என்பதும் எரிச்சலும் சேர்கின்றன. ‘சும்மாவா?’ என்று கேள்வியாக்கினால் பொருள் அப்படியே தலைகீழ்: பெரிய காரியம் என்றாகிவிடும். ‘சும்மா பிச்சு உதறிட்டான்’ என்பதில் எதுவும் குறையவில்லை, வேகம்தான் கூடுகிறது. இது முன்னவற்றோடு ஒட்டாத புது வழக்கு.

சும்மாடு வேறு குடும்பம், சுமையைச் சேர்ந்தது. தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் துணி வளையம். துண்டை நீளவாக்கில் பிடித்து இரு முனையையும் எதிரெதிராக நன்றாக முறுக்குங்கள். முறுக்கு இறங்கும் முன் நான்கு விரல்களைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, மிஞ்சும் நுனியை வளையத்துக்குள் விட்டு இழுத்துச் செருகுங்கள். முறுக்கு போதாவிட்டால் பாரம் ஏறியதும் தட்டையாகி வழுக்கும். நடுத்துளை பெரிதாகிவிட்டால் குடத்தின் அடி மண்டையிலேயே இடிக்கும்.

‘மழலை’ என்ற சொல் எனக்கு உயிர். ஆனால் என் ஐந்து வயது மகனுக்கு அதைச் சொல்ல வரவில்லை, ‘மயலை’ என்கிறான். ழகரம் வர என்ன பயிற்சி கொடுக்கலாம்?
– இல்லத்தரசி, தாம்பரம்

மழலை என்ற சொல்லை மழலையால் சொல்ல முடிவதில்லை. குழந்தைகளுக்குக் கடைசியாகத் திருந்தும் ஒலிகளில் ழகரம் ஒன்று. ஐந்து வயதில் வராதது இயல்பே. ல, ர, ட போன்ற மற்ற ஒலிகளும் சேர்ந்து குழம்பினாலோ, இந்த வயதிலும் வெளியாருக்குப் பேச்சு புரியாமல் இருந்தாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். மற்றபடி கீழே உள்ளது போதும்.

தொல்காப்பியம் ழகரம் பிறப்பதை ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்கிறது. அணரி என்றால் மேல்நோக்கி வளைந்து. வருடுதல் ஒட்டி அழுத்துவது அல்ல. பெரும்பாலான பயிற்சிகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்: ‘நாக்கை மேலே ஒட்டிச் சொல்லு’ என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுக்க, ஒட்டியதும் பிள்ளைக்கு ளகரம் வந்துவிடுகிறது.

கண்ணாடி முன் உட்கார வையுங்கள். வாயைச் சற்றே திறந்து ‘அ…’ என்று ஒலியை அறுக்காமல் நீட்டச் சொல்லுங்கள். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே நாக்கின் நுனியை மெல்லத் தூக்கிப் பின்னால் வளைக்க வேண்டும். மேல் பல்லுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறதல்லவா, அதைத் தாண்டி அண்ணம் குழியத் தொடங்கும் இடத்துக்கு நேர் கீழே நுனி போய், தொடாமல் நிற்க வேண்டும். ‘அ’ தானாகவே ‘அழ்’ ஆகும். உதடு குவியக்கூடாது. குவிந்தால் ஆங்கில ஆர் ஒலியின் சாயல் வந்துவிடும்.

வந்தது ழவா ளவா என்று காதுக்குச் சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. நாக்கை அந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு மூச்சை வாய் வழியாக உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். நாக்கின் இரு ஓரத்திலும் சில்லென்று இருந்தால் ள. நடுவில் சில்லென்று ஓடினால் ழ. பெரியவர்களும் செய்து பார்க்கலாம். தெற்கே பல ஊர்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழ ளவாகி ‘வாளப்பளம்’ என்றாகிறது. சென்னை வட்டாரத்தில் யவாகி ‘வாயப்பயம்’. உங்கள் மகன் தெருவில் கேட்பதைத்தான் சொல்கிறான். நாக்கு வளையாமல் அதன் நடுப்பகுதி மட்டும் எழும்பினால் ய வரும். எனவே அவனுக்கு நுனியை வளைக்கும் பயிற்சிதான் தேவை.

சொற்களைக் கொடுக்கும் வரிசை முக்கியம். முதலில் ழ் கடைசியில் நிற்கும் சொற்கள்: ஆழ், வாழ், யாழ், தமிழ். அடுத்த வாரம் இரண்டு உயிருக்கு நடுவில் வருபவை: மழை, பழம், அழகு. பிறகு மெய்யோடு மோதுபவை: வாழ்த்து, கீழ்ப்படி. ழவும் லவும், ழவும் ளவும் ஒன்றாக வரும் மழலை, நிழல், தாழ்ப்பாள் கடைசியில். காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம் போதும். ‘வியாழக்கிழமை கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான்’ போன்ற நாப்பயிற்சியை முதல் நாளே கொடுத்தால் பிள்ளை சலித்துவிடும். உறவினர் முன்னால் சொல்லிக் காட்டச் சொல்லவும் வேண்டாம்.

ஒரே எழுத்தில் முடிந்துவிடும் சொற்கள் எனக்குப் பிடிக்கும். மொத்தம் எத்தனை?
– அஞ்சல் ஊழியர், கரூர்

நன்னூல் 42 என்கிறது. அவற்றில் 40 நெடில். குறில் இரண்டே: நொ (வருந்து), து (உண்). இன்றும் தெருவில் காதில் விழுபவை ஈ, கை, தா, தீ, தை, நீ, பூ, பை, போ, மை, வா, வை. அரசனைக் குறிக்கும் கோவும், பசுவைக் குறிக்கும் ஆவும், சோலையைக் குறிக்கும் காவும் தனியாக நடமாடுவது குறைந்து, கோயில், ஆவின், திருவானைக்கா என்று வேறு சொற்களுக்குள் குடியிருக்கின்றன.

‘கம்மா’ என்ற சொல் காதில் விழுந்தாலே ஊர் கண்முன் வந்துவிடும். நகரத்து நண்பர்கள் ‘ஏரிதானே?’ என்கிறார்கள். ஏரி, குளம், கண்மாய், ஊருணி எல்லாம் ஒன்றா? கண்மாயின் பகுதிகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டா?
– மென்பொருள் பணியாளர், சிவகங்கை

ஏரி, கண்மாய், குளம் மூன்றும் பெரும்பாலும் ஒரே பொருள்தான், மாறுவது வட்டாரம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரி. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய், பேச்சில் கம்மா. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் பாசனத்துக்கான பெரிய நீர்நிலையும் குளமே. சென்னைக்காரருக்குக் குளம் என்றால் கோயில் தெப்பக்குளம் நினைவுக்கு வரும். நெல்லைக்காரருக்கு அதன் கீழே எத்தனை வயல் பாயும் என்பது நினைவுக்கு வரும். ஏந்தல், தாங்கல் என்பவையும் நீரைத் தேக்கும் இடங்களே. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என ஊர்ப்பெயரில் நிலைத்துவிட்டன.

ஊருணி மட்டும் வேறு. அது பாசனத்துக்கு அல்ல, குடிக்க. ஊரார் உண்ணும் நீர் என்பதால் ஊருணி. ‘ஊருணி நீர்நிறைந் தற்றே’ என்று குறள் (215) சொல்வது இதைத்தான். கண்மாய்க்குச் சரிவு நிலத்தில் ஒரு பக்கம் வளைத்துக் கரை போடுவார்கள். மேட்டுப்பக்கம் திறந்தே இருக்கும். ஊருணியை நான்கு பக்கமும் தோண்டிக் கரை கட்டுவார்கள். கண்மாயில் மாடு குளிப்பாட்டலாம். ஊருணியில் கால் நனைத்தாலே ஊர் சண்டைக்கு வரும்.

இனிப் பகுதிகள். மழைநீரைக் கொண்டுவந்து சேர்ப்பது வரத்துக்கால். தண்ணீர் பரந்து நிற்கும் உள்பக்கம் உள்வாய். தண்ணீரைத் தாங்குவது கரை. கரைக்கு அடியில் வயலுக்கு நீர் விடும் திறப்பு மடை. மடையை ஒட்டிய வயல் தலைமடை, கடைசி வயல் கடைமடை. ஒரு கண்மாயை நம்பிப் பாயும் நிலம் முழுவதும் அதன் ஆயக்கட்டு. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று பார்த்து நீரைத் திருப்பிவிடுபவர் நீர்ப்பாய்ச்சி. சில ஊர்களில் நீர்க்கட்டி.

பாண்டிய நாட்டுப் பழைய கண்மாய்களில் கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் கல்தூண்களோடு ஒரு சிறு மண்டபம் போல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குமிழித் தூம்பு. அடியில் இரண்டு வகைத் துளை. மேலே உள்ள நீரோடித் துளை தெளிந்த நீரை விடும். தரையோடு உள்ள சேறோடித் துளை வண்டலை இழுத்து வெளியே தள்ளும். நீர் பாயப் பாயவே தூரும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி வயலுக்கு எருவாகும். சேறோடி அடைபட்டுப் போனால் மடையைச் சுற்றி மண் மேடிட்டு, கண்மாயில் தண்ணீர் கிடந்தும் மடையில் ஏறாது.

நிறைந்தபின் மிச்சநீர் வழிந்தோடும் கல் அமைப்பு கலிங்கு, பேச்சில் கலுங்கு. அதன் தலையில் வரிசையாகக் கல் நட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையில் மண்ணும் புல்லும் அடைத்து மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி நீரை மிச்சம் பிடிப்பார்கள். மழைக்காலத் தொடக்கத்திலேயே அடைத்துவிட்டால் ஆபத்து. ஒரு பெருமழையில் வழியக் கலிங்கில் இடம் இல்லாமல் நீர் கரைமேல் ஏறும். மண்கரை ஒரு முறை மேலே வழிந்தால் அங்கேயே அறுத்துக்கொண்டு போய்விடும். உடைப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். கலிங்கு நிறைந்து வழிவதை நெல்லைப் பக்கம் ‘மறுகால் பாய்கிறது’ என்பார்கள். மறுகால்தலை, மறுகால்குறிச்சி என்ற ஊர்ப்பெயர்கள் அதைக் காட்டுகின்றன. வெள்ளைக்காரப் பொறியாளர்களும் வேறு சொல் தேடாமல் ‘கலிங்குலா’ என்றே எழுதி வைத்தார்கள்.

கோடையில் நீர் வற்றி, ஊரே கச்சா வலையோடும் கூடையோடும் இறங்கி மீன் பிடிக்கும் நாளுக்கு உங்கள் பக்கத்துச் சொல் ‘கம்மா அழியுது’. நகரத்து நண்பர்கள் இதைக் கேட்டால் பதறிப்போவார்கள், விளக்கிவிடுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். ‘ஆறுதலா வாங்கோ’ என்று அம்மம்மா சொல்வது எனக்கு மிகப் பிடிக்கும். தமிழ்நாட்டுத் தோழிகள் ‘யாருக்கு என்ன துக்கம்?’ என்று கேட்கிறார்கள். எங்கள் வழக்குப் பிழையா?
– வாசகி, டொரொண்டோ

பிழையே இல்லை. ஆறுதல் என்பதற்கு வேர் ஆறு என்ற வினை: சூடு தணிதல், வேகம் அடங்குதல். உங்கள் ஊரில் ‘அவசரப்படாமல்’ என்ற பொருளும், தமிழ்நாட்டில் ‘துக்கம் தணிய’ என்ற பொருளும் முன்னுக்கு வந்துவிட்டன. தோழிகளிடம் ‘ஆற அமர யோசி’ என்று நீங்கள் சொல்வதில்லையா எனக் கேளுங்கள். அந்த ‘ஆற’வும் அம்மம்மாவின் ஆறுதலும் ஒன்றே.

‘வடிவு’ம் இதே கதை. உங்களுக்கு அழகு, இங்கே உருவம். ஆனால் திருவொற்றியூர் அம்மன் பெயர் வடிவுடையம்மன். உருவம் உடையவள் என்று யாரும் பெயர் வைக்கமாட்டார்கள். அழகு என்ற பொருள் இங்கும் இருந்ததன் தடம் அது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்தாம் எனக்குப் பிடித்தவை: கட்டுமரம், சுருட்டு, பேச்சு… நண்பர் ‘பேச்சு’க்கும் ‘ஸ்பீச்’சுக்கும் உறவில்லை என்கிறார். எப்படிச் சோதிப்பது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

நண்பர் சொல்வது சரி. சோதனை மூன்று கேள்விகளில் முடிந்துவிடும். ஒன்று, அந்த மொழியில் அந்தச் சொல்லின் பழைய வடிவம் என்ன? இரண்டு, யார் கொண்டு போனார்கள், எந்தத் துறைமுகம் வழியாக, எந்தப் பொருளோடு? மூன்று, அந்த மொழியிலேயே, அல்லது அதன் உறவு மொழிகளில், அதற்கு உடன்பிறப்பு இருக்கிறதா?

ஸ்பீச்சின் பழைய ஆங்கில வடிவத்தில் ‘ஸ்ப்ர’ என்று ஒரு ரகர ஒலி இருந்தது. ஜெர்மனில் மொழிக்கு இன்றும் ‘ஷ்ப்ராஹெ’. அந்த ரகரம் கழன்ற பிறகுதான் நம் காதுக்குப் பேச்சு போல் கேட்கிறது. உறவு என்றால் பின்னோக்கிப் போகப்போக ஒற்றுமை கூட வேண்டும். இங்கே குறைகிறது.

கட்டுமரம் மூன்றிலும் தேறும். சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர்களின் 17-ஆம் நூற்றாண்டுப் பயணக் குறிப்புகளில் பொருளோடு பதிவாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு உடன்பிறப்பு இல்லை. போன இடத்தில் பொருள் மாறியது தனிச் சுவை. இங்கே மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை, அங்கே இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. சுருட்டு ‘செரூட்’ ஆனதும், மிளகுத்தண்ணீர் ‘முல்லிகட்டானி’ ஆனதும், வெட்டிவேர் ‘வெட்டிவர்’ ஆனதும் உறுதி. கஞ்சி போர்ச்சுக்கீசியர் வாய் வழியாக ‘காஞ்ஜி’ ஆனது.

காசு – கேஷ் மட்டும் சிக்கல். தென்னிந்தியச் சிறு நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’ நம் காசிலிருந்து போனது. ரொக்கம் என்ற பொருளில் இன்று புழங்கும் ‘கேஷ்’ பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நின்றதால் குழப்பம். ‘ஏடிஎம்மில் எடுப்பது தமிழ்ச்சொல்’ என்று மேடையில் சொல்லாதீர்கள்.

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல்: பூவின் ஏழு பருவங்கள். இந்த ஏழும் எனக்குப் பிடித்தவை. வரிசை சரியா?
– பூ வியாபாரி, நிலக்கோட்டை

ஏழு சொல்லும் மெய். படிக்கட்டு மாதிரி அடுக்கியிருப்பதில்தான் சந்தேகம். இலக்கியத்தில் முகையும் மொட்டும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று மாற்றாக வருகின்றன. வீ உதிர்ந்த பூவையும் குறிக்கும், வெறுமனே பூவையும் குறிக்கும். முக்கியமான ஒரு சொல்லைப் பட்டியல் விட்டுவிட்டது: போது. இதோ விரியப் போகிறேன் என்று நிற்கும் நிலை. வள்ளுவர் (1227) ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்’ என்கிறார். அரும்பு, போது, மலர் என ஒரே நாளில் மூன்று நிலை. மல்லிகையைத் தினம் பார்க்கும் உங்களுக்கு இது புதிதல்ல. விடியுமுன் மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு வந்தால்தான் மாலையில் கூந்தலில் விரியும். ஏழு என்ற எண்ணிக்கை, பேதை முதல் பேரிளம்பெண் வரை மகளிர் பருவம் ஏழு என்ற பழக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டது போலும்.

செம்மல் என்றால் வாடிப் பழம்பூவானது. அதே எழுத்தில் தலைமை சான்றவர் என்றும் பொருள், வ.உ.சி.யைச் ‘செக்கிழுத்த செம்மல்’ என்பது அந்தப் பொருளில். இரண்டையும் ஒரே சொல்லாக்கித் தத்துவம் பேச வேண்டாம்.

மகளுக்கு ‘யாழினி’ என்று வைக்கப் போகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?
– இளம் தம்பதி, ஈரோடு

வாசலில் நின்று உரக்க மூன்று தடவை கூப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் அது என்னவாகச் சுருங்கும் என்பது அப்போதே தெரியும், பெரும்பாலும் ‘யாழு’. பெரிய தொல்லை ஆங்கில எழுத்தில்தான். ழவுக்கு இசட்-எச் போடுவதா, எல் போடுவதா என்பதை இப்போதே முடிவு செய்து பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி எல்லாவற்றிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது திண்டாடுபவர்கள் இதை விட்டவர்கள். அவசரம் வேண்டாம். பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை முடியும்.

காப்பிக்குக் ‘குளம்பி’ என்ற சொல் பிடித்துப் போய்க் கடையில் கேட்டேன். குழம்பு எடுத்து வந்தார்கள். ஏன் நிலைக்கவில்லை?
– வாசகர், திருச்சி

கடைக்காரர் மேல் தப்பில்லை. காப்பிக்கொட்டை குளம்பு போல் இருப்பதால் அந்தப் பெயர் என்று விளக்கிய பிறகுதான் புரிகிறது. விளக்கம் கேட்கும் சொல் கடையில் ஓடாது. அதோடு காப்பி ஏற்கெனவே தமிழ் உருபுகளை ஏற்றுக்கொண்டுவிட்டது: காப்பியில், காப்பிக்கு, காப்பித்தூள். கணினியும் இணையமும் பிழைத்ததற்குக் காரணம், அவை மூன்று நான்கு எழுத்துக்குள் நின்று, ‘-இல்’, ‘-க்கு’ சேர்த்தாலும் நாக்கு தடுக்காமல் இருந்தது; அந்தப் பொருள் வீட்டுக்குள் வந்த காலத்திலேயே சொல்லும் வந்தது. புதுச்சொல் உண்டாக்க நினைப்பவர்கள் அதை நான்கு வேற்றுமையில் வைத்துச் சொல்லிப் பார்த்த பிறகு வெளியே விடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் 40 பேர். ‘பிடித்த சொல்’ என்று ஒரு பாடவேளை நடத்த ஆசை. எப்படி?
– தமிழாசிரியை, விருத்தாசலம்

முதல் நாளே வீட்டுவேலை கொடுங்கள்: வீட்டு மூத்தவர் ஒருவரிடம் கேட்டு, அடுப்படி, வயல், பட்டறை, கடை இவற்றில் புழங்கும் ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டும். அன்பு, அம்மா, அழகு, நட்பு, தமிழ் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 40 சீட்டில் பாதி அவைதான் இருக்கும். அஞ்சலட்டையில் பாதி அளவுச் சீட்டு. முன்பக்கம் சொல். பின்பக்கம் அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியம், அதன்பின் காரணம். வாக்கியம் முதலில், காரணம் அடுத்து என்ற வரிசையை மாற்றாதீர்கள். வாக்கியம் எழுத முடியாத பிள்ளைக்கு அந்தச் சொல் இன்னும் தெரியாது. ‘கேட்க இனிமை’ என்ற காரணத்தை ஏற்காதீர்கள். எந்த எழுத்து இனிமை என்று கேளுங்கள்.

வகுப்பில் ஐந்து நிமிடம் விதிகள். ஐவர் ஐவராக எட்டுக் குழு. 15 நிமிடத்தில் ஒவ்வொருவரும் தம் சொல்லைச் சொல்ல, குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அடுத்து எட்டுச் சொல்லும் மேடைக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம். மீதி நேரம் கரும்பலகையில் ஒலிக்காகப் பிடித்தவை, பொருளின் துல்லியத்துக்காகப் பிடித்தவை, சொன்ன ஆளுக்காகப் பிடித்தவை என்று பிரித்து எழுதுங்கள். கெடுவது இரண்டு இடத்தில். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் இணையத்தில் தேடி யாரும் பேசாத சொல்லோடு வருவார்கள். ‘இதைக் கடைசியாக யார் சொல்லிக் கேட்டாய்?’ என்ற ஒரே கேள்வி போதும். மற்றொன்று, பேச்சு வடிவத்தை நீங்கள் அங்கேயே சிவப்பு மையால் திருத்துவது. ‘கம்மா’ என்று எழுதியதைக் ‘கண்மாய்’ ஆக்கினால் பின்வரிசை வாயை மூடிக்கொள்ளும்.

பாட்டி, பாத்திரம் கழுவும் இடத்தை ‘அங்கணம்’ என்பார். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். வட்டாரப் பேச்சுத்தானே, அகராதியில் இருக்குமா? இதுபோன்ற சொற்களை எப்படிச் சேர்த்து வைப்பது?
– வாசகி, கோவில்பட்டி

பாட்டி குறள் பேசுகிறார். ‘அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால்’ என்று 720-ஆம் குறள் தொடங்குகிறது. தகுதியில்லாத கூட்டத்தில் பேசுவது சாக்கடையில் அமிழ்தைக் கொட்டுவது போல் என்று பொருள். நகரத்தில் ‘சிங்க்’ வந்து இடத்தைப் பிடித்தபின் பெயர் போய்விட்டது. உங்கள் பக்கம் சில வீடுகளில் அங்கணக்குழி இன்னும் இருக்கிறது.

பார்க்க வேண்டிய அகராதிகள் இரண்டு. பழஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்: 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், பிறகு ஒரு பின்னிணைப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இன்றைய வழக்குக்குக் க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி. 1992-இல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2020. சொல் அகப்படவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் தேடும் வடிவம். ‘நனைந்து’ என்று தேடினால் கிடைக்காது. லெக்சிகனில் வினைகள் ‘நனைதல்’ என்பது போலத் தொழிற்பெயரில் நிற்கும். க்ரியாவில் ‘நனை’ என்ற வேர் வடிவில். பேச்சு வடிவத்தை எழுத்து வடிவமாக்கியும், ன–ண, ர–ற, ல–ள–ழ மாற்றியும் தேடிப் பாருங்கள்.

சேர்ப்பதற்கு ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அதில் ஆறு விவரம் இருக்க வேண்டும். சொல், பாட்டி ஒலிப்பது எப்படியோ அப்படியே. எழுத்து வடிவம். பொருள். பாட்டி சொன்ன ஒரு முழு வாக்கியம், மாற்றாமல். ஊர், சொன்னவரின் வயது, தொழில். தேதி. பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்காதீர்கள். ‘கொழித்தல்’, ‘தெள்ளுதல்’, ‘புடைத்தல்’, ‘நாவுதல்’ என்று முறத்தைக் கையில் வைத்தே செய்யும் வினைகள்தாம் முதலில் மறைகின்றன. ‘இதுக்கு என்ன பேரு பாட்டி?’ என்று நேராகக் கேட்டால் டி.வி.யில் கேட்ட சொல்லைச் சொல்லிவிடுவார். வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ‘இப்ப என்ன செய்றீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். பொருளைப் படம் எடுப்பதானால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுங்கள், அளவு தெரியும்.